‘ஐஸ் ஆஃப் ஃபயர்’: பார்க்கப் போகிறவர்களும் பார்த்து முடித்தவர்களும் கேட்கும் கேள்விகள்

முதலில், இது என்ன படம்?

ஆங்கிலத்தில் ‘Eyes of Fire’, அதாவது நெருப்புக் கண்கள். 1983இல் வந்த அமெரிக்கத் திகில் படம். எழுதி இயக்கியவர் ஏவரி கிரௌன்ஸ். கதை 1750இல் நடக்கிறது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் முடிந்து பெருங்காடு தொடங்குகிற எல்லைப்புறம்தான் களம். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. தியேட்டரில் வந்தது பலருக்குத் தெரியாமலே போனது. பிறகு வீடியோ கேசட் காலத்தில் வெஸ்ட்ரான் நிறுவனம் வெளியிட்ட கேசட்டாகக் கடை அலமாரிகளில் கிடந்தது. அப்படி எடுத்துப் பார்த்த சிலர் ஆண்டுக்கணக்கில் மறக்காமல் பேசிக்கொண்டிருந்ததால்தான் படம் பிழைத்தது.

கதை என்ன? முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

சொல்ல மாட்டேன். வில் ஸ்மைத் என்று ஒரு போதகர். வாயால் ஊரையே விலைக்கு வாங்கக்கூடிய ஆள். அடுத்தவர் மனைவியோடு வாழ்கிறார் என்று ஊரார் பிடித்துத் தூக்கில் போடப் பார்க்கிறார்கள். கயிறு அறுந்துவிடுகிறது. தானாக அறுந்ததா என்றால் இல்லை. அவருடைய கூட்டத்தில் லியா என்று சித்தம் கலங்கியவள்போலத் திரியும் இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். அது அவள் வேலை. ஆனால் போதகரோ, கடவுள் தன்னைக் காப்பாற்றினார் என்றே எடுத்துக்கொள்கிறார். படத்தின் பாதிப் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அவரும் அவரை நம்பி வந்த சில குடும்பங்களும் தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகிறார்கள். ஊரார் சொன்ன அந்த அடுத்தவர் மனைவியான எலோயிஸும் மகளோடு அவர் பின்னால் போய்விடுகிறாள். அவள் கணவன் மேரியன் டால்டன் காட்டில் அலையும் வேட்டைக்காரன். வீடு திரும்பினால் வீடு காலி. தேடிக்கொண்டு வருகிறான். வழியில் ஷானி என்ற பழங்குடி இனத்தின் வீரர்கள் இந்தக் கூட்டத்தைத் தாக்குகிறார்கள். உயிர் பிழைக்க ஓடியவர்கள் ஒரு பள்ளத்தாக்கில் போய் நுழைகிறார்கள். துரத்தி வந்தவர்கள் உள்ளே கால் வைக்கவே இல்லை. ஒரு மரம் முழுக்க வெள்ளை இறகுகள் செருகப்பட்டு நிற்கிறது. போதகர் இதைக் கடவுள் கொடுத்த நிலம் என்கிறார். இதற்கு முன் யாரோ கட்டிக் கைவிட்டுப்போன குடிசைகளும் தயாராக இருக்கின்றன. அவர்கள் ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்று டால்டனைத் தவிர வேறு யாரும் கேட்பதாகக் காணோம்.

பயமாக இருக்குமா?

திடுக்கென்று தூக்கிப்போடும் பயம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சத்தத்தை ஏற்றி அலறவைக்கும் உத்தி இதில் அதிகம் இல்லை. பார்த்து முடித்த பிறகு மரப்பட்டையைக் கூர்ந்து பார்க்கத் தோன்றும், அந்த வகைப் பயம். பள்ளத்தாக்கில் இருப்பது ஒரு பேய் என்பதைவிட, அந்த நிலமே இவர்களை ஏற்க மறுக்கிறது என்ற உணர்வுதான் படத்தின் பலம். காட்சி அழகாக இருக்கும்போதே ஏதோ சரியில்லை என்று வயிற்றில் ஒரு கனம் வரும்.

சிரிப்பு வரும் இடங்களும் இருக்கின்றன. அதை மறைத்துப் பயனில்லை. சேறு பூசிய உருவம் ஒன்று ஓடிவரும்போது ஒப்பனை அப்படியே தெரிகிறது. 1983இன் சிறு பட்ஜெட் படம் அது. அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது? இரண்டு நீளம் இருக்கிறதே.

ஆம். கிரௌன்ஸ் முதலில் வெட்டி முடித்த வடிவத்தின் பெயர் ‘க்ரை ப்ளூ ஸ்கை’. வெளியீட்டுக்காக அதைச் சுருக்கி, பெயரையும் மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் குறுகிய வடிவம்தான் ‘ஐஸ் ஆஃப் ஃபயர்’. 2021இல் செவரின் ஃபிலிம்ஸ் நிறுவனம் மூலப்படச்சுருளிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து, ஃபோக் ஹாரர், அதாவது நாட்டார் நம்பிக்கைகளை வைத்துப் பின்னிய திகில் படங்களின் பெரிய தொகுப்புப் பெட்டி ஒன்றில் சேர்த்து வெளியிட்டது. நீண்ட வடிவமும் அதில் இருக்கிறது.

முதல் முறை பார்ப்பவர் குறுகியதையே பார்க்கட்டும். நீண்டதில் கதைமாந்தர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது, யார் யாருக்கு உறவு என்பது இன்னும் தெளிவாகிறது. ஆனால் குறுகியதில் உள்ள அந்தத் துண்டு துண்டான, கனவுபோன்ற ஓட்டம் அதில் தளர்ந்துவிடுகிறது. சுருக்கியதால் படம் புரியாமல் போனது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் புரியாமை பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கு வெறும் பள்ளத்தாக்காகிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பழைய கேசட்டிலிருந்து எடுத்த மங்கலான பிரதியைப் பார்க்காதீர்கள். இந்தப் படத்தில் பாதி விஷயம் நிழலுக்குள் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே ஒரு முகம் இருக்கும், கரிய மரத்தண்டில் ஒரு கண் திறக்கும். கேசட் பிரதியில் அதெல்லாம் ஒரே கரிக்கூழ். “படத்தில் ஒன்றுமே இல்லையே” என்பவர்களிடம் எதில் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை அதுவாகத்தான் இருக்கும்.

வட்டு வாங்கினால் நம்மூர் பிளேயரில் ஓடுமா?

வாங்கும் முன், எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். புளூரே வட்டுகளுக்கு அமெரிக்கா ஏ மண்டலம். சிங்கப்பூரும் மலேசியாவும் அதே ஏதான், எனவே அங்கே இருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் பி. மண்டலப் பூட்டு இல்லாத வட்டாக இருந்தால் எங்கும் ஓடும். பூட்டு இருந்தால் எல்லா மண்டலமும் ஏற்கும் பிளேயர் வேண்டும். பெட்டியின் விலை, அனுப்பும் செலவு, சுங்க வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே ஒரு படத்துக்காக அந்தப் பெட்டியை வாங்குவது எனக்குக்கூட அதிகமாகத்தான் படுகிறது.

தமிழ் சப்டைட்டில்?

ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். அது கட்டாயம் தேவைப்படும். பேச்சு பழைய பாணியில் இருக்கிறது, பாதி வசனம் முணுமுணுப்பு, லியா பேசுவது பல இடங்களில் வெறும் உளறல். அது நமக்கு மட்டும் புரியாததல்ல, படத்தில் இருப்பவர்களுக்கும் புரிவதில்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். நிர்வாணம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, குழந்தைகளே ஆபத்தில் மாட்டுகிற கதை இது.

தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் எதற்கு? முதல் இருபது நிமிடம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

இந்தக் கேள்வி வராத நாளில்லை. படம் தொடங்குவது ஒரு பிரெஞ்சுக் கோட்டையில். காட்டிலிருந்து தப்பி வந்த சிறுமிகளிடம் படை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள்: என்ன நடந்தது, மற்றவர்கள் எங்கே? சிறுமிகள் சொல்லத் தொடங்குகிறார்கள். நாம் பார்க்கும் முழுக்கதையும் அவர்கள் சொல்வதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் படத்தின் குழப்பங்களில் பெரும்பாலானவை குழப்பமாகத் தெரியாது. சொல்பவர்கள் குழந்தைகள். பெரியவர்களின் சண்டை, யார் யாரோடு படுத்தார் என்ற விவகாரம் எல்லாம் அவர்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் லியா காட்டின் ராணி என்பது அவர்களுக்குச் சந்தேகமே இல்லாத உண்மை. மரத்தில் முகம் இருந்தது என்பதும் அப்படித்தான். அதனால் கதையில் அற்புதம் நடக்கும் இடங்கள் துல்லியமாகவும், சாதாரணமாக நடப்பவை மங்கலாகவும் வருகின்றன. பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தால் நேர்மாறாக இருந்திருக்கும்.

அப்புறம், கேட்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பதும் சும்மா வைத்ததல்ல. அதற்கு 1750ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஏன் 1750? அந்த ஆண்டில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

அப்பலாச்சிய மலைத்தொடருக்குக் கிழக்கே ஆங்கிலேயக் குடியேற்றங்கள். மேற்கே ஒஹாயோ ஆறு பாயும் பெரிய காட்டு நிலம். அது தங்களுடையது என்று பிரான்ஸ் சொன்னது, பிரிட்டனும் சொன்னது. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த ஷானி, டெலவேர், மியாமி என்ற பழங்குடி மக்களை இரண்டு பேருமே கேட்கவில்லை.

1749இல் பிரெஞ்சுத் தளபதி செலரோன் த பிளான்வில் ஒரு படையோடு ஒஹாயோ ஆற்றில் படகில் போனார். வழியில் முக்கியமான கிளையாறுகள் வந்து சேரும் இடங்களில், “இந்த நிலம் பதினைந்தாம் லூயி மன்னருக்கு உரியது” என்ற பொருள்பட எழுத்து பொறித்த ஈயத் தகடுகளைப் புதைத்துக்கொண்டே போனார். அவ்வளவுதான், நிலம் பிரான்சுக்குச் சொந்தமாகிவிட்டதாம். அதே ஆண்டு வர்ஜீனியாவின் பணக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ஒஹாயோ கம்பெனிக்கு அதே பகுதியில் 2 லட்சம் ஏக்கர் தர பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது. 1750இல் அந்தக் கம்பெனி நிலத்தைப் பார்த்துவர கிறிஸ்டோபர் கிஸ்ட் என்பவரை அனுப்பியது. அதே 1750இல்தான் தாமஸ் வாக்கர் என்ற மருத்துவர் கம்பர்லேண்ட் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குள் போனார். நான்கே ஆண்டுகளில், 1754இல், இரண்டு வல்லரசுகளுக்கும் அங்கே போர் மூண்டது.

ஆகவே படம் நடக்கும் ஆண்டு என்பது எல்லாரும் தாளில் பங்கு பிரித்துவிட்டு, ஆனால் வெள்ளைக்காரர் யாரும் உள்ளே போய்க் குடியேறாத அந்தச் சிறு இடைவெளி. போதகரின் கூட்டம் நுழைவது அந்த இடைவெளிக்குள். பிரெஞ்சு அதிகாரிகள் அந்தச் சிறுமிகளிடம் அவ்வளவு அக்கறையாக விசாரிப்பதற்கும் காரணம் கருணை மட்டுமல்ல. தங்கள் நிலம் என்று அவர்கள் நினைக்கும் இடத்தில் ஆங்கிலேயர்கள் எப்படி வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஈயத் தகடுகளைப் பற்றி ஒரு துணுக்கு, படத்துக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1798இல் மஸ்கிங்கம் ஆறு ஒஹாயோவில் கலக்கும் இடத்தில் குளிக்கப்போன பையன்கள் கரையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தகட்டைக் கண்டெடுத்தார்கள். ஈயம்தானே என்று ஒரு பகுதியை உருக்கித் துப்பாக்கிக் குண்டு செய்துவிட்டார்கள். பிரான்ஸ் மன்னரின் உரிமைப்பத்திரம் அணில் சுடப் போயிருக்கலாம்.

போதகர் போன்ற ஆட்கள் உண்மையில் இருந்தார்களா?

அச்சு அசலாக இவர் மாதிரி என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஆனால் காலம் அப்படிப்பட்டதுதான். 1730களிலும் 40களிலும் அந்தக் குடியேற்றங்களைப் பெரும் மத எழுச்சி ஒன்று உலுக்கியது. ஊர் ஊராகப் போய்த் திறந்தவெளியில் முழங்கும் போதகர்கள் உருவானார்கள். ஜார்ஜ் விட்ஃபீல்ட் அவர்களில் பெரிய பெயர். பிலடெல்பியாவில் அவர் பேசும்போது பெஞ்சமின் பிராங்க்ளின் தெருவில் பின்னோக்கி நடந்து, குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று அளந்து, 30,000 பேருக்குமேல் கேட்கும் என்று கணக்குப் போட்டார். அந்த மாதிரிப் பேச்சுக்கு மயங்கி வீட்டை விட்டுக் கிளம்பக்கூடிய மனநிலை ஊரில் இருந்தது.

நடிகர் டெனிஸ் லிப்ஸ்கோம் இந்த வேடத்தைச் செய்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வில் ஸ்மைத்தை அயோக்கியனாகக் காட்டியிருக்கலாம், அது எளிது. இவர் காட்டுவது தன் சொல்லைத் தானே முதலில் நம்பிவிடுகிற ஒருவரை. எந்தக் கெட்ட சகுனத்தையும் கடவுளின் அழைப்பாக மாற்றிக்கொள்ளும் திறமை அவருக்கு உண்டு. தலைக்குமேல் ஆபத்து வந்து நிற்கும்போதும் முகத்தில் ஒரு பூரிப்பு. பள்ளத்தாக்கின் வாசலில் தனியாக விடப்பட்ட ஒரு பழங்குடிச் சிறுமியைப் பார்த்ததும், இவளைக் கிறிஸ்தவளாக்கத்தான் நான் இங்கே அனுப்பப்பட்டேன் என்று உருகிப்போகிறார். அந்தச் சிறுமி யார் என்பதை அவரைத் தவிர எல்லாரும் யூகித்துவிடுகிறார்கள்.

தகாத உறவுக்குத் தூக்கா? அது மிகையில்லையா?

1750க்கு மிகைதான். மாசசூசெட்ஸில், பியூரிட்டன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினரின் பழைய சட்டப்படி 1644இல் ஜேம்ஸ் பிரிட்டன், மேரி லேத்தம் என்ற இருவரைத் தூக்கிலிட்டது உண்மை. 1694க்குப் பிறகு அங்கே தண்டனை கசையடி, அவமான அடையாளம் என்று குறைந்துவிட்டது. படத்தில் கயிற்றை மாட்டுவது நீதிமன்றமல்ல, கோபம் தலைக்கேறிய ஊர்க்கூட்டம் என்பதால் ஏற்றுக்கொள்ளலாம்.

சூனியக்காரிகளை அங்கே எரித்தார்களா?

இல்லை. திகில் படங்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கை அது. 1692இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வாய் திறக்காததால் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். சிறையில் செத்தவர்கள் தனி. எரிக்கப்பட்டவர் ஒருவரும் கிடையாது. எரித்தது ஐரோப்பாவில், ஸ்காட்லாந்தில். ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் ஜேனட் ஹார்ன் எரிக்கப்பட்டது 1727இல், அதாவது கதை நடக்கும் காலத்துக்குச் சற்று முன்புவரை. 1735இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சூனியத்துக்கு மரண தண்டனை என்ற பழைய சட்டத்தையே நீக்கிவிட்டது. சட்டம் போனால் பயம் போய்விடுமா என்ன? லியாவை மற்றவர்கள் பார்க்கும் பார்வையில் அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

பள்ளத்தாக்கில் இருப்பது என்ன? அது ஷானி மக்களின் உண்மையான தொன்மமா?

டால்டன் படத்தில் ஒரு விளக்கம் சொல்கிறான். குற்றமற்ற உயிர்களின் ரத்தம் மண்ணில் ஊறி, நீரோடு கீழே கீழே இறங்கி ஓரிடத்தில் சேர்ந்து, கடைசியில் தானே ஒரு உயிராக எழுகிறது. செத்தவர்களை அது தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. மரத்தில் தெரியும் முகங்கள் அவர்கள்தான்.

அருமையான கற்பனை. ஆனால் இதை ஷானி மரபாக எடுத்துக்கொண்டு யாரிடமும் போய்ச் சொல்லாதீர்கள். இது படத்துக்காக எழுதியது, வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஒருவன் வாயில் வைத்தது.

இங்கேதான் படத்தோடு எனக்கு உள்ள சண்டை. நிலம் பழிவாங்குகிறது என்ற கதையைச் சொல்கிறது. அந்த நிலத்தின் மக்களையோ ஓரமாக நிறுத்துகிறது. ஷானி வீரர்கள் தாக்க வருகிறார்கள், எல்லையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். பேசுவதற்கு அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆபத்தை அறிவிக்கும் பலகையைப் போலவே படம் அவர்களைப் பயன்படுத்துகிறது. உண்மையில் 1750இல் அவர்கள் அப்படிக் காட்டுக்குள் மறைந்து வாழ்ந்தவர்கள் அல்ல. சயோட்டோ ஆறு ஒஹாயோவில் கலக்கும் இடத்தில் பெரிய ஊர் வைத்திருந்தார்கள். 1751 தொடக்கத்தில் கிஸ்ட் அங்கே போய்ப் பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார். அங்கே ஆங்கிலேய வணிகர்கள் வந்துபோனார்கள், மான்தோல் வணிகம் நடந்தது, இரண்டு வல்லரசுகளோடும் பேச்சுவார்த்தை நடந்தது. முந்தைய நூற்றாண்டின் போர்களில் இந்த நிலத்திலிருந்து சிதறடிக்கப்பட்டு, மறுபடி திரும்பி வந்து ஊர் அமைத்தவர்கள் அவர்கள். பின்னால் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். இன்று அமெரிக்க அரசு ஏற்ற மூன்று ஷானி இனக்குழுக்களும் ஒக்லஹோமாவில் இருக்கின்றன, ஒஹாயோவில் ஒன்றுகூட இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் “ரத்தம் மண்ணில் ஊறி எழுகிறது” என்ற வசனம் வேறு மாதிரி கேட்கிறது. படம் தன்னையறியாமல் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. தொட்டதோடு கையை எடுத்துக்கொண்டுவிட்டது. போதகரின் “கடவுள் கொடுத்த நிலம்” என்ற பேச்சை இவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்யத் தெரிந்தவருக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் ஒருவரையாவது பேசவைக்கத் தோன்றவில்லை.

மரத்து முகங்களை எப்படி எடுத்தார்கள்? அப்போது கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இருந்ததா?

இந்தப் படத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கிரௌன்ஸ் சினிமாவுக்கு வருமுன் புகைப்படக் கலைஞர். அது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. முகங்களுக்கு ஒப்பனையும் மரப்பட்டையும் ஒன்றாகக் கலக்கும்படி செய்த வேலை கண்ணை ஏமாற்றுகிறது. எங்கே பட்டை முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். மற்ற மாயங்கள் எல்லாம் படச்சுருளிலேயே செய்தவை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்த காட்சிகள், வெளிச்சமும் இருளும் இடம் மாறிய நெகட்டிவ் தோற்றம், வேகம் குறைத்த ஓட்டம், திடீரென்று நிறம் மாறும் வானம். இருட்டறையில் புகைப்படத்தைக் கழுவிப் பழகியவர் யோசிக்கும் உத்திகள் இவை.

காடு நிஜமான காடு. படப்பிடிப்பு மிசௌரி மாநிலத்தில் நடந்தது. செட் போட்டிருந்தால் இந்த ஈரமும் இலைக்குப்பையும் வந்திருக்காது. சிலந்தி, பனி, அழுகிய மரம் என்று நடிகர்கள் நிஜமாகவே அவதிப்பட்டமாதிரிதான் தெரிகிறது.

இசை?

பிராட் ஃபீடெல். இதற்கு அடுத்த ஆண்டு ‘டெர்மினேட்டர்’ படத்துக்கு அந்த இரும்படிக்கும் தாளத்தைப் போட்டவர். இங்கே அவர் செய்திருப்பது முற்றிலும் வேறு.

நடிகர்களை வேறு எங்காவது பார்த்திருப்போமா?

பார்த்ததைவிடக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். கூட்டத்தில் ஒருவராக வரும் இளைஞர் ராப் பால்சன் பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய கார்ட்டூன் குரல்களில் ஒருவரானார். நிஞ்சா ஆமைகளில் ராஃபேல் அவர்தான், ‘பிங்கி அண்ட் த பிரெய்ன்’ தொடரில் பிங்கியும் அவரே. இது தெரிந்த பிறகு அவர் பயந்து நடுங்கும் காட்சியில் அந்த எலியின் குரல் காதில் விழாமல் பார்ப்பது கஷ்டம், முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். டால்டனாக வரும் கை பாய்டை 80களின் பல படங்களில் போலீஸ்காரராகவோ அதிகாரியாகவோ பார்த்திருப்பீர்கள். வயதான பெண்மணியாக வரும் ஃபிரான் ரயன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்தவர். லியாவாக வரும் கார்லீன் கிராக்கெட் புரியும் பேச்சு அதிகம் இல்லாமல் உடம்பாலும் கண்ணாலும் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்.

கடைசிக் கால் மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது?

லியாவுக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் சக்திக்கும் நேரடி மோதல். அதற்கான விதிமுறை எதையும் படம் நமக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. யாருக்கு என்ன சக்தி, எது எதை வெல்லும் என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. மேலே சொன்ன எல்லா ஒளி வித்தைகளையும் கிரௌன்ஸ் ஒரே இடத்தில் கொட்டிவிட்டார், கொஞ்சம் அதிகமாகவே. எனக்கு முதல் ஒரு மணி நேரம்தான் படம். கடைசிப் பகுதியை வாணவேடிக்கையாகப் பார்த்துவிடுவேன். நேர்மாறாக நினைக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

‘த விட்ச்’ படம் இதைப் பார்த்து எடுத்ததா?

2015இல் வந்த ராபர்ட் எக்கர்ஸின் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வருபவர்கள்தான் இப்போது அதிகம். ஊரால் ஒதுக்கப்பட்ட மதப்பித்துக் குடும்பம், காட்டின் ஓரம், காட்டுக்குள் ஏதோ ஒன்று. ஒற்றுமை கண்ணில் படத்தான் செய்யும். பார்த்து எடுத்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. அது நடப்பது 1630களின் நியூ இங்கிலாந்தில், இதைவிட நூறு ஆண்டுக்கும் மேல் முந்தி. அங்கே பயம் பைபிளிலிருந்து வருகிறது, சாத்தான் அவர்களோடு கப்பலில் வந்தவன். இங்கே பயம் அவர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருக்கிறது. இரண்டில் எக்கர்ஸின் படம்தான் செய்நேர்த்தி மிக்கது, அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் ‘ஐஸ் ஆஃப் ஃபயர்’ பார்க்கும்போது அடுத்த நொடி என்ன வரும் என்று ஊகிக்கவே முடியாது. செய்நேர்த்தி கூடிய படங்களில் அது கிடைப்பது அரிது.

இயக்குநர் பிறகு என்ன செய்தார்?

1988இல் ‘தி இன்விசிபிள் கிட்’ என்று, கண்ணுக்குத் தெரியாமல் போகும் பையனைப் பற்றிய பள்ளிக்கூட நகைச்சுவைப் படம். ஆம், அதே ஆள்தான்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன பார்ப்பது?

நேரடியாகப் பக்கத்தில் வைக்க 1999இல் வந்த ‘ராவனஸ்’. 1840களின் கலிபோர்னியா மலையில் ஒரு தனித்த ராணுவக் கோட்டை, மனித மாமிசம், இடையிடையே கறுப்பு நகைச்சுவை. அமெரிக்கா மேற்கு நோக்கி நிலத்தை விழுங்கிக்கொண்டு போன காலத்தை விழுங்கும் பசியாகவே காட்டியிருப்பார்கள். இந்த வகையின் வரலாறே தெரிய வேண்டுமென்றால், கீர்-லா ஜானிஸ் எடுத்த மூன்று மணி நேரத்துக்கும் மேலான ஆவணப்படம் ‘வுட்லண்ட்ஸ் டார்க் அண்ட் டேஸ் பிவிச்ட்’ இருக்கிறது. 2021இல் வந்தது. மேலே சொன்ன செவரின் பெட்டியிலேயே அதுவும் உண்டு. பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள், படப் பெயர்கள் அவ்வளவு வேகமாக வந்து விழும்.